ஹைப்பர்போலரைசேஷன்: மிகையா, மீயா?

மண்டபம், திங்கள்:
வணக்கம். ராமநாதபுரம் அறிவியல் கண்காட்சிக்கு என் தமிழ்வழி மாணவர்கள் வைக்கும் பதாகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புற்றுக்கட்டியின் வளர்சிதை மாற்றத்தை எம்.ஆர்.ஐ.யில் காண்பது பற்றியது. 3 டெஸ்லா காந்தத்துக்குள்கூட, கார்பன்-13 (கார்பனின் சற்றே கனமான வகை) அணுக்கருக்களில் பத்து லட்சத்துக்கு 2 அல்லது 3தான் கூடுதலாகக் காந்தத்தின் பக்கம் சாய்கின்றன. கார்பன்-13 கொண்ட பைருவேட்டை (சர்க்கரை சிதையும்போது செல்லில் உண்டாகும் பொருள்) தனிச்சுழி வெப்பநிலையை (சுமார் −273° செல்சியஸ்) நெருங்கக் குளிர்வித்து நுண்ணலை செலுத்தினால் அது நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறுகிறது; இதுதான் ஹைப்பர்போலரைசேஷன். உடனே கரைத்து ஊசியில் ஏற்றினால், பைருவேட் கட்டிக்குள் லாக்டேட்டாவதைப் படம் பிடிக்கலாம். அந்தச் சாய்வு விரைவில் மறைந்துவிடுவதால் அவகாசம் ஓரிரு நிமிடம்தான். 2013இல் புரோஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் செய்த முதல் ஆய்வு வெளிவந்தது. ஹைப்பர்போலரைசேஷனுக்குத் தமிழில் 'மிகை முனைவாக்கம்' சரியா?

கீழக்கரை:
ஐயா, 'மிகை'யில் வேண்டாதது என்ற வாடை அடிக்கிறது. 'மீமுனைவாக்கம்' என்போம். மீகண், மீக்கூற்று, மீந்தோல் என மூன்று விதமாகப் புணரும் அருமையான சொல், 'மேல்' எனப் பொருள்படும் 'மீ'. நம் கடற்கரை மீகாமனும் (கப்பல் ஓட்டுபவன்) அதில் பிறந்தவனே என்பது என் துணிபு.

ராமேசுவரம்:
நான் கதிரியல் துறையில் இருக்கிறேன். நரம்புச் செல் பாடத்திலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது; அங்கே அது செல்சவ்வின் மின்னழுத்தம் மேலும் எதிர்க்குறிப் பக்கம் போவது. எந்த முன்னொட்டைப் போட்டாலும் குழப்பம் தீராது. பைருவேட்டை அப்படியே விட்டவர்கள் இதற்கு மட்டும் ஏன் கச்சை கட்டுகிறீர்கள்?

தொண்டி:
குழப்பம் 'முனை'யில் இருக்கிறது. இங்கே கருக்கள் ஒரே திசையில் அணிவகுக்கின்றன, 'செறியணி' எனலாமே. இன்னொன்று: எம்.ஆர்.ஐ.யில் வரும் ரெசோனன்ஸ் இலங்கைப் பாடநூல்களில் 'பரிவு'. நாம் 'ஒத்ததிர்வு' என்று பல்லை உடைத்துக்கொள்கிறோம்.

கீழக்கரை:
காந்தம் பரிவு காட்டுமா, தம்பி? செறியணியைக் கேட்டால் அணியிலக்கணத்தில் புதுவகை என்று நினைப்பார்கள்.

தொண்டி:
அக்கரைப் பிள்ளைகள் 'பரிவு' என்றால் இரக்கம் என்று நினைத்துத் தேர்வில் தோற்றதாகத் தெரியவில்லை, ஐயா.

மண்டபம், வியாழன்:
மாணவர்களிடம் எல்லாச் சொற்களையும் எழுதிப் போட்டேன். 'மீ'யைப் பலர் 'மீண்டும்' என்று எடுத்துக்கொண்டார்கள். 'மிகை'க்குத்தான் அதிகக் கை எழுந்தது. 'மிகை முனைவாக்கம்' என்று அச்சிட்டு, கீழே ஹைப்பர்போலரைசேஷன் என்றும் போடுகிறேன். நரம்புக் குழப்பத்தைத் தவிர்க்க 'அணுக்கரு' என்று முன்னால் சேர்க்கிறேன். சர்க்கரை நோயாளியின் இதயத்தில் பைருவேட் பைகார்பனேட்டாவது குறைவதைக் காட்டும் இன்னொரு படத்துக்கும் அதே சொல்தான்.

ராமேசுவரம்:
கீழே போட்டதைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

கீழக்கரை:
அச்சிடுங்கள்; என் மறுப்பு பதிவாகட்டும். மீந்தோலில் மெல்லெழுத்து மிகுவது குறித்துத் தனி இழையில் எழுதுகிறேன்.