மறு: சி.எஸ்.ஆர்.எஃப்-க்குத் தமிழ்ச்சொல்: ‘பிறதளக் கள்ளக்கோரிக்கை’?

வணக்கம். சி.எஸ்.ஆர்.எஃப் (Cross-Site Request Forgery) என்பது, ஒரு தளத்தில் உள்நுழைந்திருப்பவரின் உலாவியை வேறு தளம் அவருக்குத் தெரியாமல் கோரிக்கை அனுப்ப வைக்கும் தாக்குதல்.

> ‘குறுக்குத்தளக் கோரிக்கை மோசடி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

‘குறுக்கு’ எதையும் விளக்கவில்லை. ‘மோசடி’ என்றால் பணம் போனது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘போலி’யும் ஒட்டாது, கோரிக்கை போலியே அல்ல. கோப்புப் பகிர்வு வழங்கியில் உள்நுழைந்திருக்கும் ஒருவர் இன்னொரு தாவலில் வேறு பக்கத்தைத் திறக்கிறார். அங்கே ஒளிந்திருக்கும் படிவம் அவருடைய வழங்கிக்கு ஒரு போஸ்ட் (POST, தரவு அனுப்பும் கோரிக்கை) அனுப்புகிறது. தடை எதுவும் இல்லாவிட்டால் உலாவி குக்கியைத் (உள்நுழைவை அடையாளம் காட்டும் சிறு தரவு) தானாக ஒட்டிவிடுகிறது. உலாவி, குக்கி, ஐபி எல்லாம் அசல். பயனரின் சம்மதம் மட்டும் இல்லை. கள்ளநோட்டில் நோட்டே பொய். கள்ள ஓட்டில் சீட்டு மெய், பெயரும் மெய், போட்டவர்தான் வேறு. இது இரண்டாவது வகை. ஆகவே ‘பிறதளக் கள்ளக்கோரிக்கை’.

‘கோரிக்கைத் திருட்டு’ என்ற முன்மொழிவு வேண்டாம். தாக்குபவரால் பதிலைப் படிக்க முடியாது. பொது இணைப்பு ஒன்றை உருவாக்க வைத்தாலும் அதன் முகவரி அவருக்குத் தெரியாது. அதனால்தான் மின்னஞ்சல் வழிப் பகிர்வைக் குறிவைப்பார்கள்: இணைப்பு நேரே அவர் அஞ்சல்பெட்டிக்குப் போய்விடும்.

---

‘கள்ள’ அருமை. ‘பிறதள’வில்தான் எனக்குத் தயக்கம்.

பிற தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையில் குக்கியை ஒட்டலாமா என்று முடிவுசெய்யும் சேம்சைட் (SameSite) விதியில் ‘தளம்’ என்பது பதிவுசெய்த டொமைன் முழுவதும். சொந்த வழங்கி வைத்திருப்பவர்கள் ஒரே டொமைனின் கீழ் ஒரு துணை டொமைனில் நெக்ஸ்ட்கிளவுடும் (கோப்புப் பகிர்வு மென்பொருள்) இன்னொன்றில் புதுப்பிக்காத வேர்ட்பிரஸும் ஓட்டுவது சகஜம். அந்த வேர்ட்பிரஸில் யாராவது நிரல் புகுத்தினால், அங்கிருந்து கிளம்பும் கோரிக்கை ‘அதே தளம்’ ஆகிவிடும். மிகக் கண்டிப்பான ‘ஸ்ட்ரிக்ட்’ வகைக் குக்கிகூட ஒட்டிக்கொண்டு போகும். குரோம் 2020-இல் அதைவிடத் தளர்ந்த ‘லேக்ஸ்’ வகையை இயல்பாக்கியதும் ‘இந்த வகைத் தாக்குதல் ஒழிந்தது’ என்று எழுதியவர்கள் இதை விட்டுவிட்டார்கள். அங்கே காப்பாற்றுவது ரிக்வெஸ்ட்டோக்கன்தான் (கோரிக்கையோடு அனுப்பவேண்டிய ரகசியக் குறி), ஏனெனில் வேறு ஆரிஜின் (நெறிமுறை, முழு டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த முகவரி; துணை டொமைன் மாறினாலே இது மாறும்) அதைப் படிக்க முடியாது. ஆகவே சைட்டுக்குத் ‘தளம்’, ஆரிஜினுக்கு ‘மூலம்’ என்று பிரித்தே ஆளவேண்டும். ஆங்கிலப் பெயரிலும் இதே ஓட்டை இருப்பதால் ‘பிறதள’வை ஏற்கிறேன், அரைமனதோடு.

---

எஸ்.எஸ்.ஆர்.எஃப்-க்கு (Server-Side Request Forgery, வழங்கியையே கோரிக்கை அனுப்ப வைக்கும் தாக்குதல்) ‘வழங்கிவழிக் கள்ளக்கோரிக்கை’ என்று வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது. அப்படியானால் ‘கள்ளக்கோரிக்கை’யை அடிச்சொல்லாகக் கொள்ளலாம்.

டோக்கனுக்கு ‘வில்லை’ வேண்டாம், மாத்திரைதான் நினைவுக்கு வரும். ‘சீட்டு’ போதும். நெக்ஸ்ட்கிளவுடுக்குச் செருகுநிரல் எழுதுபவர்களுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: சீட்டு பொருந்தாமல் 412 பிழை வந்தவுடன் கட்டுப்பாட்டு நிரலில் ‘நோசிஎஸ்ஆர்எஃப்ரிக்வயர்டு’ (NoCSRFRequired, இந்தச் சோதனை வேண்டாம் என்னும் குறிப்பு) போட்டுப் பிழையை அடக்குகிறார்கள். பக்கத்தைக் காட்டும் கெட் (GET) கோரிக்கைக்கு அது சரி. எதையாவது மாற்றும் முறைக்குப் போட்டால் கதவையே கழற்றியதாகும். ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ரிக்வெஸ்ட்டோக்கன் தலைப்பை அனுப்புவதுதான் திருத்தம்.

பயனருக்குக் காட்டும் செய்தியில் கலைச்சொல்லே வேண்டாம். பெரும்பாலும் அமர்வு காலாவதியானதால்தான் அந்தப் பிழை வருகிறது. “சீட்டு பொருந்தவில்லை. பக்கத்தை மீளேற்றி மீண்டும் முயல்க” என்று போடுவோம்.