புதுப்பிப்பு: ஏற்றத்தில் சூடான டீசல் மோட்டார்ஹோம், காரணம் பிடிபட்டது

அரிசோனாவில் பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி சன்செட் பாயின்ட் மேட்டில் ஏறும்போது, என் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) கூலன்ட்டின், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், வெப்பம் 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பயனில்லை, காசுதான் போனது.

எஞ்சினும் ரேடியேட்டரும் பின்னால் இருக்கும் வண்டி இது. வெளியிலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்று இருந்தது. ஏமாந்தது அங்கேதான். ஃபேன் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ளுவதால், அழுக்கு முதலில் படிவது ரேடியேட்டருக்கு முன்னே ஃபேன் பக்கம் உள்ள சார்ஜ் ஏர் கூலரில் (டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி). எஞ்சினுக்கு மேலே இருக்கும் கட்டிலின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன்: எண்ணெயும் தூசியும் கலந்து கம்பளி போல அப்பியிருந்தது. அந்த எண்ணெய், எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாய் வழியாக வருவது. குழாயின் வாய் ஃபேனுக்கு நேர் முன்னால்!

எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசர் அடித்து ஊறவிட்டு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை கழுவினேன். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் (மெல்லிய உலோகத் தகடுகள்) மடங்கிவிடும். அப்புறம் பிரீதருக்கு ஒரு ஹோஸ் மாட்டி வாயை ஃபேனைத் தாண்டிக் கொண்டுபோனேன்.

நேற்று அதே ஏற்றம், கியரைக் குறைத்து ஏறினேன். கூலன்ட் வெப்பம் 203 டிகிரியைத் தாண்டவில்லை. ஏசியும் ஓடியது.