டிசம்பரில் கடை திறந்தால் ஆகாதா?

கெடிலக்கரை:
திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மார்கழி பிறக்கும் முன்பே, டிசம்பர் முதல் வாரம் திறக்கலாம் என்றால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “டிசம்பர் கடலூருக்கு ஆகாதுடா” என்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல் என்று விரல் மடக்குகிறார். 2020இல் நிவர் நவம்பர் 25 ராத்திரி வந்ததே என்றால், “அது பாண்டிச்சேரிக் கணக்கு” என்று தள்ளிவிடுகிறார். 2024 ஃபெஞ்சலும் நவம்பர் 30இல் பாண்டிச்சேரி பக்கம்தான் கரை கடந்தது. அதை மட்டும் டிசம்பரில் சேர்த்துக்கொண்டார்! இவரிடம் எப்படிப் பேசுவது?

வில்லியனூர் டியூஷன்:
தம்பி, தான் நம்புவதற்கு ஒத்துவருவதை மட்டும் பொறுக்கிப் பார்க்கிற இதற்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனையை என் பிள்ளைகளிடம் அடிக்கடி செய்து பார்ப்பேன். 2, 4, 6 ஒரு விதிப்படி அமைந்தவை. வேறு எண்களைச் சொல்லிக் கேட்டு விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 8, 10, 12 சரியா? சரி. 20, 22, 24? சரி. உடனே “இரண்டிரண்டாகக் கூடுகிறது சார்!” என்று கத்துவார்கள். விதி, ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 9 என்று கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தன் ஊகம் உடைகிற மாதிரி கேட்க மனசு வருவதில்லை.

தாழங்குடா:
ஃபெஞ்சல் விஷயத்தில் பெரியவர் சொல்வது தப்பில்லை அண்ணே. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி எங்களை அடித்தது டிசம்பரில்தான். சுனாமியைத்தான் இதில் சேர்க்கக் கூடாது. அது சுமத்ரா பக்கத்து நிலநடுக்கம், அதற்கேது மாதம்? ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்குப் புயல் காலம்தானே.

கெடிலக்கரை:
சரி, ராத்திரி ஒரு நோட்டைப் போட்டு உட்கார்ந்தோம். ஒன்றும் நடக்காத டிசம்பர்களையும் எழுதச் சொன்னேன். அப்பாவுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அம்மாதான் அடுப்படியிலிருந்து, “அக்காவுக்கு நிச்சயம் பண்ணினது டிசம்பர்தானே” என்றாள். எனக்கும் அது மறந்தே போயிருந்தது. அப்புறம் பார்த்தால், நானும் அவரை மடக்க நவம்பர் புயல்களாகவே பொறுக்கி வைத்திருக்கிறேன்.

கடையைத் திறக்கச் சம்மதித்துவிட்டார். ஆனால் வாசல் படியை இரண்டடி உயர்த்தணுமாம். கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.