ரஸ்தாளியைத் தேடி நூலகத்துக்குப் போன கதை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

லாலாபேட்டை வாழைத்தோட்டத்துக்காரர்:

எங்கள் நிலம் காவிரிக்கரையில் இருக்கிறது. ரஸ்தாளி எங்கள் தாத்தா காலத்திலிருந்து வருகிற பயிர். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐந்து மாதத் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலைகள் மஞ்சளித்தன. பிறகு காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கின. அடித்தண்டு நீளவாக்கில் வெடித்தது. கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் இழைகள் ஓடின. வாடல் நோய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரத்தைப் பிடுங்கி எரித்தேன், மருந்து ஊற்றினேன், ஒரு வருடம் வேறு பயிர் வைத்துவிட்டு மீண்டும் ரஸ்தாளி நட்டேன். அதே மூலையில் அதே நோய். ஏன் அதே இடத்தில் திரும்ப வருகிறது என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

அந்த ஒரு கேள்வியோடுதான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். முன்கூட்டியே கடிதம் எழுதி, இன்னது படிக்க வேண்டும் என்று சொல்லி அனுமதி பெற்றிருந்தேன். கணினிப் பட்டியலில் 'ரஸ்தாளி' என்று தட்டினேன். நான் எதிர்பார்த்ததில் கால்பங்குகூட வரவில்லை. திரும்பிவிடலாம் என்று எழுந்தபோது, மேசையில் இருந்த அம்மா ஒருவர், "இந்த வாழைக்கு வேறு ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வயது வரை அந்தக் கேள்வி என் மனதில் எழுந்ததே இல்லை.

வாழை ரகங்கள் பற்றிய தடித்த நூல் ஒன்றை எடுத்து வந்து என் முன் வைத்தார். அதில் என் ரஸ்தாளி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஆந்திரத்தில் அமிர்தபாணி. பீகாரிலும் அசாமிலும் மால்போக். வங்கத்தில் மர்த்தமான். கர்நாடகத்தில் நஞ்சன்கூடு ரசபாளே. இலங்கையில் சிங்களத்தில் கோலிக்குட்டு. ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து 'சில்க்' என்ற ஒரே குழுவில் வைத்திருக்கிறார்கள்.

கேரளத்துப் பெயரைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே அதற்குப் பூவன் என்று பெயர்! நாம் பூவன் என்று சொல்வதை அவர்கள் பாளையங்கோடன் என்கிறார்கள். ஆய்வேடுகளில் அது 'மைசூர்' குழு. வாடல் நோய் உள்ள நிலத்தில் பூவன் நடுங்கள், அது தாங்கும் என்றுதான் நமக்குப் பரிந்துரை. அதே சொல்லைக் கேரளத்து நூலில் படித்துவிட்டு ஒருவர் கன்று வாங்கினால், தப்பிக்க நினைத்த ரஸ்தாளியையே மீண்டும் நடுவார். பெயர் தெரியாமல் நூலகத்தில் நுழைவது எவ்வளவு ஆபத்து என்று அன்று எனக்குப் புரிந்தது.

'சில்க்' என்று தேடியதும் கட்டுரைகள் வரத் தொடங்கின. நோய்க்குக் காரணம் ஃபுசேரியம் என்ற பூஞ்சாணம். இந்த நோயைப் பற்றி ஆஸ்திரேலியாவில் பாங்கிராஃப்ட் என்பவர் 1876இலேயே எழுதி வைத்திருக்கிறார். நடு அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ரகத்தை அது சாய்த்த பிறகுதான் உலகச் சந்தை கேவண்டிஷ் குழுவுக்கு மாறியது. என் கேள்விக்கு விடையும் கிடைத்தது. இந்தப் பூஞ்சாணம் தடித்த சுவருள்ள வித்துகளாகி, வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். நான் விட்ட ஒரு வருட இடைவெளி அதற்கு ஒன்றுமே இல்லை. நோயுள்ள தோட்டத்துப் பக்கக்கன்றிலும் அது பயணம் செய்யும் என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பக்கத்து வயல்காரருக்கு நூறு கன்றுகளுக்கு மேல் கொடுத்திருந்தேன். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோட்டக்கலை முதுகலை மாணவி, ஈரோடு:

ஐயா, பெயரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் மஞ்சள் சாகுபடி. கிருஷிகோஷ் தளத்தில் வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் நிறையக் கிடைக்கின்றன. அங்கிருந்து நடவு இடைவெளி பற்றிய ஓர் ஆய்வேட்டை எடுத்து, எதில் மகசூல் அதிகமோ அதையே செய்யலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். நல்லவேளை, என் வழிகாட்டி அட்டவணையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்.

அங்கே சி.டி. (கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ்) என்று ஒரு எண் இருக்கும். இரண்டு மகசூலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்ணைவிட அதிகமாக இருந்தால்தான் நம்பலாம். ஓர் இடைவெளியில் எக்டேருக்கு 30 டன், இன்னொன்றில் 32 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.டி. 3 என்றால் அந்த இரண்டு டன் வித்தியாசத்தை நம்பக் கூடாது. மண்ணின் மேடுபள்ளத்தாலும் அது வந்திருக்கலாம். சி.டி. 1 என்றால் அந்த வித்தியாசத்தை நம்பலாம். முடிவுரையை மட்டும் படித்துவிட்டு மூடினால் இது கண்ணில் படாது.

இன்னொன்றிலும் ஏமாறப் பார்த்தேன். பல ஆய்வேடுகளில் மகசூல் என்பது பச்சை மஞ்சள். நாங்கள் விற்பதோ வேகவைத்து உலர்த்திய மஞ்சள். அது பச்சையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நிற்கும். இப்போது எந்த ஆய்வேட்டை எடுத்தாலும் முதலில் செய்முறை அத்தியாயத்துக்குப் போகிறேன். எந்த மண், எந்தப் பருவம், எத்தனை ஆண்டு செய்தார்கள், எதை எடைபோட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் மகசூல் அட்டவணை.

நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்:

தம்பி, அந்த அம்மா கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் வாழ்நாள் முழுவதும் கேட்டோம். தட்டுகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வைக்கும் டூயி பகுப்பு முறையில் அடுக்கிய நூலகங்களில் 632 என்பது பயிர் நோயும் பூச்சியும், 633 வயல் பயிர்கள், 634 பழங்கள், 635 காய்கறியும் தோட்டப் பயிர்களும். வாழை நோய் பற்றிய நூலைப் பலர் 632இல் தேடிவிட்டு இல்லை என்று போய்விடுவார்கள். ஒரு பயிருக்கே உரிய நோய் நூல் அந்தப் பயிரோடு 634இல் இருக்கும். இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று நம் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் விதி எழுதினார். அதனால் கூச்சப்படாமல் மேசைக்கு வந்து கேளுங்கள். "வாழை பற்றி ஏதாவது" என்று கேட்காமல், "ஒரே மூலையில் வாடல் ஏன் திரும்பி வருகிறது" என்று உங்கள் தோட்டத்துக் கேள்வியாகவே கேளுங்கள். எங்களுக்கும் அதுதான் எளிது.

லாலாபேட்டை வாழைத்தோட்டத்துக்காரர்:

நன்றி ஐயா. மாணவித் தங்கைக்கும் நன்றி, சி.டி. பற்றி இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

போன மாதம் இரண்டாம் முறை போனேன். இந்த முறை 'மைசூர்' என்று தேடினேன். பூவன் வாடலைத் தாங்கினாலும், அதற்கென்று கோட்டு வைரஸ் ஒன்று இருக்கிறது. இலையில் மஞ்சள் கோடுகளாகத் தெரிந்து பின்னர் கருகும். அதனால் கன்று வாங்கப் போன மூன்று தோட்டங்களிலும் தார் அளவைப் பார்ப்பதற்கு முன் இலையைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இரண்டில் கோடுகள் இருந்தன. மூன்றாவதில் வாங்கினேன்.

நோய் வந்த மூலையில் குழிக்கு ஒரு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பு போட்டு, இந்தச் சம்பாவுக்கு நெல் நட்டு நீர் கட்டியிருக்கிறேன். பக்கத்து வயல்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் மஞ்சளித்த ஏழு மரங்களை இருவருமாகத் தோண்டி எடுத்தோம். அடுத்த முறை அவரும் என்னோடு கோவைக்கு வருகிறார்.