மறுமொழி: எண்ணூர்க் கரைக் கல் – ‘தூர்வளை’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெட்டுக்குப்பம் கரையில் தம்பி கண்டெடுத்த கல்லின் படங்கள் வந்ததிலிருந்து பவளம், வேர், எலும்பு, துருப்பிடித்த குழாய் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டோம். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே இந்த இழையின் கேள்வி. சொல்லுக்குப் போகுமுன் பொருள் இன்னதென்று முடிவாகட்டும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் ‘டைனோசர் முட்டை’ என்று கைபேசிக்குக் கைபேசி பறந்தன. அவை அம்மோனைட்டுகள் என்னும், அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்களைச் சுற்றித் திரண்ட கல் உருண்டைகள் என்று அறிஞர்கள் விளக்க வேண்டியிருந்தது. பெயர் முந்திக்கொண்டால் பொருளைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

படங்களில் தெரிவது இது. கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டு, ஒரு முனையில் கவட்டையாகப் பிரிகிறது. மேற்பரப்பு முழுக்கச் சிறு மண்ணுருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. முறிந்த முகத்தில் சுவர் தனியாகவும் உள்ளே நிரம்பிய மணல் தனியாகவும் தெரிகின்றன. சுவரின் உட்புறம் வழவழப்பு.

வேர் என்றால் பிரியப் பிரியச் சிறுத்துக்கொண்டே போகும். இதில் இரு கிளைகளும் தாய்த்தண்டின் பருமனிலேயே இருக்கின்றன, பிரியும் இடமோ சற்றுப் புடைத்திருக்கிறது. எலும்பென்றால் முறிவில் நுண்ணறைகள் இருக்க வேண்டும், பவளமென்றால் நட்சத்திரம்போல் தடுப்புச்சுவர்கள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. விரைவுச் சாலையோரம் கொட்டியிருக்கும் தடுப்புக் கற்களிலிருந்து உடைந்து வந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். அவை கருங்கல். பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறையில் இப்படியொரு மணற்குழாய் இருக்க வழியே இல்லை.

இது மண்ணுக்குள் வாழும் ஓர் இறால் வகை தோண்டிக் குடியிருந்த வளை. தொல்லுயிரியலில் ஒஃபியோமார்ஃபா என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கடற்பாசி என்றே எண்ணி ஹாலிமெனைட்டிஸ் என்று செடிப்பெயர் வைத்திருந்தார்கள். 1964இல் வைமர், ஹோய்ட் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் இன்றைக்கும் வாழும் இறால்களின் வளைகளைப் பழைய பாறைகளில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதைக் காட்டினார்கள். உருண்டைகளுக்குக் காரணமும் அதில்தான் இருக்கிறது. உதிரி மணலில் தோண்டினால் சுவர் சரியும். அதனால் அந்த இறால் சேற்றை உருட்டி உருட்டிச் சுவரில் அப்புகிறது, நம்மவர்கள் மணற்பாங்கில் உறைகிணறு இறக்குவதைப் போல. உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்கிறது, வெளிப்புறம் உருண்டையாகவே நிற்கிறது. பின்னால் சுண்ணமோ இரும்போ ஊறி அந்தச் சுவர் இறுகுகிறது. சுற்றியிருந்த மணல் கரைந்துபோக, தண்டு மட்டும் தனியே பெயர்ந்து அலையில் ஒதுங்குகிறது.

ஒரு சிறு இறால் தன் வீடு இடியாமலிருக்கச் செய்த பூச்சுவேலை கல்லாகி நம் கைக்கு வந்திருக்கிறது. இதற்குத் தமிழில் நல்ல பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இனி, இழையில் வந்த கருத்துகளுக்கு வருகிறேன்.

> தொல்லுயிர் எச்சம் என்ற சொல் இருக்கிறதே, அது போதாதா?

போதாது அம்மா. எச்சம் என்றால் மிஞ்சியது. இந்தக் கல்லில் இறாலின் கால் இல்லை, ஓடு இல்லை, உடம்பின் ஒரு துணுக்குகூட இல்லை. மிஞ்சியிருப்பது அது செய்த வேலை. டிரேஸ் ஃபாசில் என்ற பெரும்பிரிவுக்குச் ‘சுவட்டுப் படிவம்’ என்று சென்ற ஆண்டே இங்கு பேசி ஏற்றோம், அதில் மாற்றம் வேண்டாம். காலடித் தடம், ஊர்ந்த கோடு, வளை, துளை எல்லாம் அதற்குள் அடங்கும். இப்போது நமக்குச் சொல் வேண்டியது அதன் உட்பிரிவான பர்ரோ, அதாவது உயிர் மண்ணில் தோண்டும் குழி, என்பதற்கும், மண் நிரம்பிக் கல்லான பர்ரோவுக்கும்.

> ‘இறால் புதைபடிவம்’ என்றால் மாணவர்களுக்கு உடனே புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஒரே வடிவ வளையை வெவ்வேறு உயிர்கள் தோண்டும். ஒரே உயிர் சேற்றில் ஒரு மாதிரியும் மணலில் வேறு மாதிரியும் தோண்டும். அதனால்தான் சுவட்டுக்குத் தனிப்பெயர், உயிருக்குத் தனிப்பெயர் என்று அறிவியலே பிரித்து வைத்திருக்கிறது. நம் சொல்லில் தோண்டிய உயிரின் பெயர் வரவே கூடாது.

> அளைப்படிவம். சங்க இலக்கியத்தில் ஆட்சி உண்டு.

ஐயா, இந்தப் பரிந்துரையை ஒதுக்குவது எனக்கு எளிதாக இல்லை. ஐங்குறுநூற்றின் கள்வன் பத்தில் கள்வன் என்பது நண்டு. அப்பத்தின் கடைசிப் பாட்டில் அந்த நண்டின் ஈர மண் அளை நிறைய நெற்பூ உதிர்கிறது. உயிர் தோண்டிய குழி, அதை வந்து நிரப்பும் பொருள் என்று நாம் தேடும் இரண்டும் அங்கே ஈரடிக்குள் நிற்கின்றன. அது வயல் நண்டு, நம்முடையது கடற்கரை. அது ஒரு குறையே இல்லை.

ஆனால் இன்றைய காதுக்கு ‘அளை’ வேறு. மண்ணை அளைந்து விளையாடும் பிள்ளைதான் நினைவுக்கு வரும், அகராதியைப் புரட்டினால் தயிரும் மோரும் வரும். எண்ணூரிலோ தாழங்குப்பத்திலோ போய் அளை என்றால் யாருக்கும் பிடிபடாது. நண்டு வளை என்றால் மூன்று வயதுக் குழந்தை விரலை நீட்டிக் காட்டும். பொந்து, பொடை, வங்கு என்று பிற வட்டாரச் சொற்களும் வந்தன. பொந்தில் மரப்பொந்தும் சேர்ந்துகொள்ளும். வங்கு வடசென்னைக்குப் பழக்கமில்லை. பர்ரோவுக்கு ‘வளை’யே இருக்கட்டும். கைவளையோடு குழம்பும் என்பவர்களுக்கு: எலிவளை என்று நாள்தோறும் சொல்கிறோம், குழம்புவதில்லையே.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இளகிய மண்ணில் குடைந்தால் பர்ரோ, ஓட்டிலோ மரத்திலோ பாறையிலோ குடைந்தால் போரிங். நமக்கு முன்னது வளை, பின்னது துளை. அதே கரையில் கிடக்கும் மட்டி ஓடுகளில், ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக நத்தை இட்ட ஓட்டை இருக்கும். அது துளை, வளை அல்ல.

மிஞ்சியது நிரம்பிய வளை. ‘வளைவார்ப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வார்ப்பு என்றால் ஒருவர் உருக்கி ஊற்ற வேண்டும். இங்கே யாரும் ஊற்றவில்லை, மண் தானாக வந்து அடைந்தது. அப்படி அடைவதற்குத் தமிழில் ஒரு வினை தயாராக இருக்கிறது: தூர்தல். கிணறு தூர்ந்தது, கால்வாய் தூர்ந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் படகுக்காரர்கள் சொல்வதும் ‘தூர்ந்துபோச்சு’ என்பதுதான். அதனால் என் பரிந்துரை தூர்வளை.

இலக்கணப்படி இது வினைத்தொகை. தூர்ந்த வளை, தூர்கிற வளை, தூரும் வளை. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வளை நிரம்புவது இரு வகை என்று தொல்லுயிரியல் பிரிக்கிறது. உயிர் விட்டுப்போன பிறகு மேலிருந்து மணல் விழுந்து நிரம்புவது ஒன்று. உயிரே முன்னே தோண்டிக்கொண்டு பின்னே மண்ணைத் தள்ளி அடைத்துக்கொண்டே போவது மற்றொன்று. அப்படி அடைத்த மண் பிறைபிறையாக அடுக்கியிருக்கும். தூர்ந்த வளை, தூர்த்த வளை! தன்வினை பிறவினை ஓரெழுத்தில் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பிரிக்கத் தேவையில்லாத இடத்தில் தூர்வளை இரண்டையும் அணைத்துக்கொள்ளும். இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

மரத்தின் அடிக்கும் தூர் என்று பெயர் உண்டு, வேரென்று மயங்க இடம் தருமே என்று யாராவது கேட்கக்கூடும். மரத்தூர் பெயர்ச்சொல், அது வளையோடு சேர்ந்து பொருள் தராது. தூர்வாருதல் செய்தித்தாளில் நாள்தோறும் வரும் சொல், கேட்பவர் மனம் அங்கேதான் போகும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு: ‘தூர்வளை – உயிர் ஒன்று இளகிய படிவில் தோண்டிய வளை, பின்னர் மண்ணோ மணலோ நிரம்பி இறுகியது; சுவட்டுப் படிவங்களில் ஒரு வகை.’ ஒஃபியோமார்ஃபாவை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவோம், விளக்கத்தில் ‘உருண்டை பூசிய தூர்வளை’ என்று சேர்க்கலாம். அரியலூர்–பெரம்பலூர்ப் பாறைகளிலும் வளைச் சுவடுகள் பதிவாகியிருப்பதால், அந்தப் பக்க ஆசிரியர்கள் இந்தச் சொல்லை வகுப்பில் பேசிப்பார்த்து எழுதினால் நன்று.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். வயது எத்தனை கோடி ஆண்டு என்று கேட்டிருந்தாய். இந்த வகை வளைகள் மிக நீண்ட காலமாக வந்துகொண்டிருக்கின்றன, இன்றும் உருவாகின்றன. படுகையை விட்டுப் பெயர்ந்து வந்த கல்லைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஆகவே அதற்கு எண் எதுவும் எழுதி ஒட்டாதே. கிடைத்த இடம், நாள், அலைவரையிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்பதை மட்டும் எழுதி வை. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடு. எலுமிச்சை, வினிகர் எதுவும் ஊற்ற வேண்டாம், சுண்ணம் பிடித்த சுவராக இருந்தால் உருண்டைகள் கரைந்துவிடும். அளவுகோலை அருகில் வைத்து முறிந்த முகத்தை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்பு. உள்ளிருக்கும் மணலில் பிறை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து