மழைக்கு முன்னால் 62 வீடுகளுக்கு ஒரு சுற்றறிக்கை: என்ன எழுதலாம்?

நாலாவதுதெரு எழுதியது:

வணக்கம். மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம், அடையாற்றுக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிற மனைப்பிரிவு எங்களுடையது. நாலு தெரு, 62 வீடு, முனையில் ஒரு பிள்ளையார் கோயில், அவ்வளவுதான். போன மாதப் பொதுக்குழுவில் நலச் சங்கச் செயலாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் பல வருஷம் பார்த்துவிட்டு, இப்போது மகனோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டார். பருவத்துக்கு ஒன்றாக ஒரு தாள் அச்சடித்து ஒவ்வொரு வீட்டிலும் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வருவார். தையில் கோலப் போட்டி, சித்திரையில் தண்ணீர் லாரி முறை, ஆடியில் கோயில் கூழ், ஐப்பசியில் மழை.

பழைய தாள்கள் எல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. மழைத் தாளை மட்டும் எடுத்துப் பார்த்தால் எல்லா வருஷமும் அதே நாலு வரி. மொட்டை மாடியைச் சுத்தம் செய்யவும், கால்வாயில் குப்பை போட வேண்டாம், கொசு வராமல் பார்த்துக்கொள்ளவும், ஒத்துழைப்புக்கு நன்றி. அதையே மறுபடி அச்சடிக்க மனம் வரவில்லை.

காரணம் சொல்கிறேன். 2015 வெள்ளத்தின்போது நான் இங்கே இல்லை, 2018-இல்தான் வீடு வாங்கி வந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னலும் இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவரும் அம்மாவும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினால், குடிக்கத் தண்ணீர் தீர்ந்து, மழைத் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்துத் துணியில் வடிகட்டி வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் திறக்காத கேன் மூன்று இருந்தது. இருபது அடி தூரம். அந்த வடிகட்டிய பாத்திரம் இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதனால் இந்த முறை உண்மையிலேயே உதவுகிற மாதிரி எழுத வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இன்னும் இரண்டு விஷயம்: பாதி வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள், அவர்கள் சங்க உறுப்பினர் இல்லை, அவர்களை எப்படிச் சேர்ப்பது? அப்புறம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மழை வந்தால் மணிக்கு ஒரு முறை செம்பரம்பாக்கம் ஏரி மட்டத்தை யாராவது போடுகிறார்கள், எல்லோரும் பயந்து போகிறார்கள். அதை எப்படிக் கையாள்வது?

ஆதனூர்க்கரை எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. நாம் இருப்பது அதற்கு மேலே. அங்கே திறந்துவிடுகிற தண்ணீர் கீழே அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை என்று போகுமே தவிர நேராக நம் தெருவுக்கு வராது. நமக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறுகிற இடம்) வழிந்து வருகிற தண்ணீர். 2015 டிசம்பர் 1-இல் செம்பரம்பாக்கத்தில் 29,000 கனஅடி வரை திறந்தார்கள் என்று ஊரே பேசியது, அது உண்மைதான். ஆனால் அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பெய்தது என்பதைத்தான் நாம் நினைவில் வைக்க வேண்டும். நம் தலையில் பெய்ததும் நமக்கு மேலே இருக்கிற ஏரிகளில் வழிந்ததும்தான் நம்மை மூழ்கடித்தன.

ஆகவே சுற்றறிக்கையில் தெளிவாக எழுதுங்கள்: எந்த ஏரியைப் பார்க்க வேண்டும், யார் பார்த்துச் சொல்வார்கள் என்று. எங்கள் மனைப்பிரிவில் ஆதனூர் பக்கம் வேலைக்குப் போய்வருகிற இருவர் இருக்கிறார்கள். கலங்கலில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டதா என்று அவர்கள் போகிற வழியில் பார்த்துக் குழுவில் ஒரு வரி போடுவார்கள், அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் போடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்கப்புறம் வதந்தி தானாகவே குறைந்துவிட்டது.

வானிலை எச்சரிக்கையில் வருகிற சொற்களுக்கும் பொருள் எழுதிவிடுங்கள். கனமழை என்றால் ஏறக்குறைய 6 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை என்றால் 12 முதல் 20, அதற்கு மேலே போனால் அதி கனமழை. அளவு தெரிந்துவிட்டால் எந்தச் செய்திக்குக் காரை மேட்டில் கொண்டு போய் விடுவது, எந்தச் செய்திக்குச் சும்மா குடை எடுப்பது என்று அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். கார் விஷயத்தில் இன்னொன்று: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்துவிட்டால் செலவு பெரிது, சாதாரண இன்சூரன்ஸில் அதற்குப் பணம் கிடைப்பதும் கஷ்டம். என் தம்பி 2015-இல் ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பினான், அதோடு போயிற்று.

மின்வேலைக்காரன் எழுதியது:

சார், நான் முப்பது வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறேன், வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். மொட்டை மாடியை எல்லோரும் சுத்தம் செய்துவிடுவார்கள். மறப்பது கீழே.

முதலில் சம்ப், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி, அதன் மூடி. பெரும்பாலான வீடுகளில் அது கார் நிறுத்தும் தரையோடு தரையாக இருக்கும். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டதால் தெருத் தண்ணீர் அரை அடி ஏறினாலே சாக்கடை கலந்து சம்ப்புக்குள் இறங்கிவிடும், வீடு முழுக்கத் தண்ணீர் சூழ்ந்திருக்கும், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. இரண்டு வரிசை செங்கல் வைத்து வாயை உயர்த்திப் பூசிவிட்டு மூடியைப் போட்டால் போதும், ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலை. புயல் வருகிறது என்று தெரிந்தவுடன் மின்சாரம் போவதற்கு முன்பே மேல் தொட்டியை நிரப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் வாசல் வழியாகத்தான் வரும் என்று மணல் மூட்டையை வாசலில் அடுக்குகிறார்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் முதலில் வந்தது கீழ்த்தளக் கழிவறை வழியாகத்தான். தெருவில் மட்டம் ஏறும்போது செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறைப் பேசின் வழியாகவும் குளியலறை ஜல்லடை வழியாகவும் பொங்கி வரும். கனமான பிளாஸ்டிக் உறையில் மணலைக் கட்டி, பேசினுக்குள் ஒன்று, ஜல்லடை மேல் ஒன்று அழுத்தி வையுங்கள். வெளியே போகிற குழாயில் திரும்பி வராத வால்வு போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, உயிர் போகிற விஷயம். வீட்டில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி, இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சின்னதாக டெஸ்ட் பொத்தான் இருக்கும், அழுத்தினால் உடனே டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சுவரில் இருந்தும் பயனில்லை. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். ஈ.பி.-காரர்கள் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் உள்ளே கொடுத்துக்கொண்டே இருக்கும், தண்ணீர் நுழைந்தால் அதையும் அணைக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தெருவில் இருக்கிற பில்லர் பெட்டிக்கு (வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பக்கத்தில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பேரிடருக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

மாடித்தோட்டம் எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த எதிர்வீட்டு அம்மா விஷயம்தான். அதைத் தாளில் எழுதித் தீர்க்க முடியாது, வீட்டுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் காலனியில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நவராத்திரி முடிந்து கொஞ்ச நாளிலேயே மழை பிடித்துவிடும். அந்த ஒன்பது நாளும் கொலு வைத்த வீடுகளில் கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் இன்னும் இரண்டு பேரும் சாயங்காலம் தெருவுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு போவோம், கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. கொலு வைக்காத வீடுகளுக்கு, கிறிஸ்தவர், முஸ்லிம் வீடுகளுக்கு எல்லாம் அன்றைய சுண்டலை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு நாங்களே போவோம். சொந்த வீடா வாடகையா என்று கேட்பதே இல்லை. தண்ணீர் வந்தால் எல்லோர் வீட்டுக்கும்தானே வரும்?

நோட்டில் எழுதுவது இவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேர், தனியாக இருக்கிற பெரியவர் உண்டா, படி ஏற முடியாதவர் உண்டா, கைக்குழந்தை, கர்ப்பிணி, இன்சுலின் எடுப்பவர், டயாலிசிஸ் போகிறவர். வெளியூரில் இருக்கிற பிள்ளையின் எண் ஒன்று. நாய் இருந்தால் அதுவும். கடைசியாக ஒரு கேள்வி: தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடிக்குப் போவீர்கள்? இதற்கு அநேகம் பேருக்குப் பதில் இருக்காது. அங்கேயே பக்கத்து மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நேரில் பேசி முடித்துவிடுவோம். தரைத்தள வீடு ஒன்றுக்கு மாடி வீடு ஒன்று என்று ஜோடி சேர்த்து எழுதிவிட்டோம். 2023-இல் மூன்று குடும்பம் அப்படி மேலே வந்து தங்கினார்கள், என் வீட்டில் இருந்த பாட்டி இன்றைக்கும் வாரம் ஒரு முறை கருவேப்பிலைக்கு வருவார்.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் இருக்காது. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் சின்னக் கிண்ணத்தில் மருந்தை வைத்து மூடினால் குளிர்ச்சி ஓரளவு நிற்கும். தண்ணீர் மருந்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளாக்சி எழுதியது:

அம்மா சொன்னது மிகச் சரி, ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் போட்டார், யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் எங்கெங்கோ போய்விட்டது, ஒரு அம்மா மிகவும் மனம் நொந்துபோனார். தெருவுக்கு ஒருவர் கையில் தாளாக மட்டும் இருக்கட்டும். அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள், ஏனென்றால் தேவைப்படுகிற நேரத்தில் செல்போனில் சார்ஜ் இருக்காது.

நாலாவதுதெரு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. செம்பரம்பாக்கம் விஷயம் எனக்கே தெரியாது, இத்தனை நாள் தவறான ஏரியைப் பார்த்துப் பயந்திருக்கிறோம். மழைநீர் சேகரிப்பு பற்றி ஏதாவது எழுத வேண்டுமா? தொட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது, வேலை செய்கிறதா என்றுதான் தெரியவில்லை.

ஆதனூர்க்கரை எழுதியது:

கட்டாயம் எழுதுங்கள். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கினார்கள், நிறைய வீட்டில் அன்று போட்ட கூழாங்கல்லும் மணலும் அப்படியே சேறு பிடித்துக் கிடக்கின்றன. எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு அப்புறம் குழாயை இணைக்கலாம். மக்களுக்குக் கணக்காகச் சொன்னால் மனதில் நிற்கும்: ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல், அதாவது சித்திரையில் காசு கொடுத்து வாங்குகிற ஒரு டேங்கர் லாரி.

மழை நின்ற பிறகு என்ன செய்வது என்பதையும் அதே தாளின் பின்பக்கத்தில் போடுங்கள். கிணற்றிலோ சம்ப்பிலோ வெள்ளம் கலந்திருந்தால் முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். புதுத் தண்ணீர் ஏறியதும் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விட்டுப் பிறகு புழக்கம், குடிக்கக் கட்டாயம் காய்ச்ச வேண்டும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அது கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒரு நாள் பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, மாடியில் கிடக்கிற தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் போதும்.

நாலாவதுதெரு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தாள் ஒரு பக்கம்தான், பெரிய எழுத்தில், பின்பக்கம் மழைக்குப் பிறகு செய்ய வேண்டியது. 62 வீட்டுக்கும் நாங்கள் நாலு பேர் நேரில் போய்க் கொடுத்தோம், ஐந்து நாள் ஆனது, ஏனென்றால் எந்த வீட்டிலும் காபி குடிக்காமல் விடவில்லை. இரண்டாவது தெருவில் ஒரு வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வாடகைக்கு இருக்கிற பையன்கள் நாலு பேர், ஐ.டி. வேலை, இதுவரை யாரோடும் பேசாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு வந்து கால்வாயில் சேறு வாரினார்கள். சம்ப் வாயை ஒன்பது வீட்டில் உயர்த்தியாகிவிட்டது, ஒரே கொத்தனாரை எல்லோருக்கும் பேசியதால் கூலியும் குறைந்தது.

எதிர்வீட்டுப் பெரியவரும் அம்மாவும் எங்கள் மாடிக்கு வருவதாக எழுதியாயிற்று. நேற்று முதல் மழை, இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தது. மின்சாரம் போனதும் அவர்கள் வாசலுக்குப் போய் நின்றேன், அந்த அம்மா உள்ளிருந்தே, ‘கேன் இரண்டு நிறைய இருக்கிறதுப்பா, நீ நனையாமல் போ’ என்றார்கள்.