5 அவுன்ஸ் ஏபெக்ஸ் 30 டிகிரி தாங்காதாம்!

மலைத்தூக்கம்:
ஹாம்மக்குக்கு (மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தூளி) அடியில் குளிருக்குக் கட்டும் அண்டர்குயில்ட்டைப் பற்றிப் பக்கத்துத் திரியில் சாம்பல்வாத்து ஐயா தீர்ப்பு வழங்கியிருக்கிறார். "அண்டர்குயில்ட் வீட்டில் தைப்பதென்றால் வாத்து டவுன் (மெல்லிறகு) மட்டும்தான். சிந்தெடிக் எல்லாம் கோடைக்கு. 5 அவுன்ஸ் ஏபெக்ஸ் (பாலியெஸ்டர் இழை விரிப்பு) 45 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே முதுகை விறைக்க வைக்கும்." இதை நம்பி, முதல் முறை தைக்க வந்த ஒருவர் வாங்கிய ஏபெக்ஸைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். அதனால்தான் தனித் திரி.

ஹாம்மக்கில் படுத்தால் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய இடத்தில் காற்று நிற்காது, சூடும் நிற்காது. அதற்காகத்தானே குயில்ட்டை ஹாம்மக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிறோம்? ஏபெக்ஸ் சதுர கஜத்துக்கு 2.5, 3.6, 5, 6 அவுன்ஸ் என்று வருகிறது. அவுன்ஸுக்கு 0.82 க்ளோ (சூடு காக்கும் திறனின் அளவு) என்று கணக்கு. 5 அவுன்ஸுக்கு 4.1 க்ளோ. 30 பாரன்ஹீட் தாங்கும். வர்ஜீனியாவின் ஷெனண்டோவா மலைக்காட்டில் நவம்பரில் அதன்மேல் தூங்கியவன் சொல்கிறேன்.

சாம்பல்வாத்து:
பெயரைப் போட்டுத் திரி திறந்ததற்கு நன்றி. போன வருடம் டார்ப் (மழைக்கு மேலே கட்டும் விரிப்பு) விவகாரத்தில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

45 என்றேன். 45தான். கணக்கு வேண்டுமா, இந்தாருங்கள். முக்கால் நீள அண்டர்குயில்ட், 45க்கு 55 அங்குலம், இரண்டரை அங்குல உப்பல். கிட்டத்தட்ட 6,190 கன அங்குலம். 800 ஃபில் டவுன் ஒரு அவுன்ஸ் போட்டால் 800 கன அங்குலம் நிரம்பும். ஆக எட்டு அவுன்ஸ்கூட வேண்டாம், 220 கிராம். அது 20 டிகிரிக்குப் போகும். அதே அளவுக்கு உங்கள் ஏபெக்ஸ் 270 கிராம். கூடச் சுமந்து, கூடக் குளிருங்கள்.

மலைத்தூக்கம்:
ஓவர்ஸ்டஃப் எங்கே ஐயா? 220 கிராமை அப்படியே போட்டால் டவுன் குயில்ட்டில் தைத்த அறையின் ஓரத்துக்கு நகர்ந்துவிடும், நடுமுதுகுக்கு வெறும் நைலான்தான். தைப்பவர்கள் எல்லாரும் 20, 30 சதவீதம் கூடப் போடுவது உங்களுக்குத் தெரியாதா? போட்டுப் பாருங்கள், அதே 270 கிராமுக்கு வந்து நிற்கும். இன்னும் அறைகளைப் பிரிக்கும் பேஃபிள் வலைத் துணியின் எடையை நான் சேர்க்கவே இல்லை.

5 அவுன்ஸ் 30 தாங்கும்.

ஊசிநூல்:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. "தாங்கும்" என்றால் என்ன? நிம்மதியாகத் தூங்குவதா, விடிய விடிய நடுங்கிவிட்டுக் காலையில் உயிரோடு எழுந்திருப்பதா? ஸ்லீப்பிங் பேக் சோதனையில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கிறது. அந்தச் சோதனையிலும் பொம்மையைப் பாய் மேல்தான் படுக்க வைக்கிறார்கள், ஹாம்மக்கில் இல்லை. அதை முதலில் முடிவு செய்யாமல் 30, 45 என்று ஏலம் விடுவானேன்?

சாம்பல்வாத்து:
ஏலம் இல்லை அம்மா, அனுபவம். 45.

மலைத்தூக்கம்:
யாருடைய அனுபவம்? கொலராடோவில் காய்ந்த காற்றில் படுத்துக்கொண்டு அப்பலாச்சியன் மலைக்கு வகுப்பெடுக்கிறார். இங்கே மழை, மூடுபனி, சாயங்காலமே டார்ப் உள்பக்கம் சொட்டும். குயில்ட் நம் அடியில் இருக்கிறது, சாரல் முதலில் அதைத்தான் தொடும். டவுன் நனைந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும், காய வைக்க வெயிலுக்கு எங்கே போவது? ஏபெக்ஸைப் பிழிந்து தொங்கவிட்டால் ஓரளவாவது வேலை செய்யும்.

நாரத்தங்காய்:
ஒரு ஃபோம் பாயை ஹாம்மக்குக்குள் போட்டால் முடிந்தது. விலையும் கம்மி, நனையவும் நனையாது. இதற்கு ஏன் ஊசியும் நூலும்?

மலைத்தூக்கம்:
நடு இரவில் அந்தப் பாய் தோளுக்கு அடியிலிருந்து நழுவிப் போகும், முதுகு வேர்க்கும், வேர்த்த முதுகு குளிரும். அதற்குத்தான் ஐயா. வேறு திரிக்குப் போங்கள்.

நாரத்தங்காய்:
இரட்டைத் துணி ஹாம்மக்கில் பாய் நழுவாது. வாங்கத் துப்பில்லாவிட்டால் பாய் என்ன செய்யும்?

சாம்பல்வாத்து:
பாய்க்காரரைத் திட்டி என் கேள்வியிலிருந்து தப்பிக்க வேண்டாம். நல்ல டார்ப் கட்டியவன் குயில்ட் ஏன் நனைகிறது? போன வருடமும் இதையேதான் கேட்டேன். கொடியில் துணி காய்வது மாதிரி டார்ப்பை உச்சியில் கட்டினால் சாரல் வரத்தான் செய்யும்.

மலைத்தூக்கம்:
டார்ப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நிர்வாகியே சொல்லியிருக்கிறார்.

இலைதின்னி:
வாத்தை உயிரோடு பிடித்து இறகு பிய்க்கிறார்களே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சாம்பல்வாத்து:
அதற்காக 2014லேயே பொறுப்பான டவுன் என்று ஒரு சான்றிதழ் வந்துவிட்டது. அந்த முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறேன். உங்கள் பாலியெஸ்டர் எந்த மரத்தில் காய்க்கிறது? பெட்ரோலியம்.

இலைதின்னி:
முத்திரை குத்தினால் வாத்துக்கு வலிக்காதா?

ஊசிநூல்:
முதல் முறை தைப்பவர்தானே இந்தத் திரியின் காரணம்? அவருக்கு ஒன்று. டவுன் என்றால் துணி டவுன் கசியாத ரகமாக இருக்க வேண்டும், ஒவ்வோர் அறைக்கும் பேஃபிள் தைக்க வேண்டும், எடை போட்டு நிரப்ப வேண்டும். ஒரு தும்மல் போதும், வீடு முழுக்கப் பறக்கும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்புங்கள். ஏபெக்ஸ் தொடர் இழை, நடுவில் தையலே வேண்டாம், நான்கு ஓரமும் பிடித்தால் போதும். ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் வருடக்கணக்கில் சாக்கில் அமுக்கி வைத்தால் ஏபெக்ஸ் உப்பல் இழக்கும், டவுனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதைவிட நெடுநாள் வரும். அப்புறம், 30 என்பதையும் 45 என்பதையும் இரண்டையுமே நம்ப வேண்டாம்.

மலைத்தூக்கம்:
பார்த்தீர்களா, ஏபெக்ஸ்தான் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

ஊசிநூல்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

சாம்பல்வாத்து:
நெடுநாள் வருவது டவுன் என்றுதான் சொன்னார். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு வெப்பமானி படிக்கத் தெரியுமா? ஷெனண்டோவாவில் 30 என்று எங்கே பார்த்தீர்கள்? போனில் பக்கத்து ஊர் நிலவரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

மலைத்தூக்கம்:
ஹாக்ஸ்பில் பக்கம், மூவாயிரம் அடிக்கு மேல், வெப்பமானி ரிட்ஜ்லைன் கயிற்றிலேயே தொங்கியது. தண்ணீர் பாட்டிலில் பனி பிடித்திருந்தது. போதுமா? உங்களுக்கு 45இல் குளிர்ந்ததென்றால் குற்றம் ஏபெக்ஸ் மேல் இல்லை. சஸ்பென்ஷன் எலாஸ்டிக்கைத் தளர்வாக விட்டு, குயில்ட்டுக்கும் ஹாம்மக்குக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி வைத்தால் 900 ஃபில் போட்டாலும் விறைக்கும்.

சாம்பல்வாத்து:
என் எலாஸ்டிக்கை நீங்கள் பார்த்தீர்களா?

மலைத்தூக்கம்:
டார்ப் திரியில் நீங்களே போட்ட படத்தில் இருக்கிறதே. இரண்டாவது படம், இடது ஓரம். குயில்ட் தொட்டிலாகத் தொங்குகிறது.

சாம்பல்வாத்து:
அது என் தம்பியின் ஹாம்மக்.

நாரத்தங்காய்:
அந்தப் படத்தில் உள்ளே இருப்பது ஃபோம் பாய்தானே?